பூட்டன் பிறந்த ஊர் எது?

(தொண்டர் பயிற்சி அரங்கில் நிகழ்த்திய உரை)



வீரவசனம் கேட்கலாம், விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று வந்திருக்கும் உங்களுக்கு, முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வாளும் அன்று, வேலும் அன்று, விண்ணப்பத்தாள்! ஆம், கட்டங்கட்டமாகக் கோடு போட்டு, 'பெயர்', 'தந்தை பெயர்', 'பிறந்த இடம்' என்று அச்சடித்து, அரசாங்க அலுவலகத்திலே அடுக்கடுக்காகக் கிடக்குமே, அந்த விண்ணப்பத்தாள்! முன்வரிசையிலே ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்தத் தாள் கிடைக்காமல், கிடைத்தும் நிரப்பத் தெரியாமல், நிரப்பியும் நிராகரிக்கப்பட்டு, நாடற்றவராய் நாதியற்றவராய் நின்ற இலட்சக்கணக்கான தமிழரின் கதையைக் கேட்டபின் அவர் சிரிக்கிறாரா என்று பார்ப்போம்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். கல்லூரிக்குள்ளே போனவன், பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன். நாடகம் எழுதுவது என் தொழில். ஆனால், ஆண்டுக்கணக்கில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிய அறிஞர்கள் கூட, 'இலங்கைத் தமிழ் ஏதிலியர் குடியுரிமை' என்றதும் பெருமூச்சு விடுகிறார்களே, அது ஏன் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். கேட்டுவிட்டுக் கலைந்துபோவதற்கன்று, நாளை முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்காக!

திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்தும், புதுக்கோட்டையிலிருந்தும், சேலத்திலிருந்தும், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் பஞ்சம் விரட்ட, பசி துரத்த, கங்காணி கைகாட்ட, கடல் கடந்தார்கள் நம்மவர்கள். மன்னாரிலே இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலால் மாண்டவர் போக, மிஞ்சியவர் மலையேறினார்கள். முதலிலே காப்பி. 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பித் தோட்டங்களை அழித்தது, அதன்பின் தேயிலை. இன்று உலகம் 'சிலோன் தேநீர்' என்று சுவைத்துக் குடிக்கிறதே, அதன் நிறம் தேயிலையின் சாறு மட்டுந்தானா, தோழர்களே?

அந்தத் தொழிலாளியின் வாழ்விலே நுழைந்த முதல் காகிதத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'துண்டு'! கடன்பட்டுக் கிடக்கும் ஆள், வேறு தோட்டம் போகவேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதனுக்கு விலை எழுதிய சீட்டு! 1921ஆம் ஆண்டிலேதான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். துண்டு ஒழிந்தது, ஆனால் துண்டுக் காகிதம் ஒன்று மனிதனுடைய தலைவிதியைத் தீர்மானிக்கும் கொடுமை ஒழிந்ததா? இல்லை! அடுத்த காகிதம் இதைவிடக் கொடியதாக வந்தது.

1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் மலையகம் தன் பிரதிநிதிகளாக 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தொண்டமான் அவர்களிலே ஒருவர். கொழுந்து பறித்த கை வாக்குச்சீட்டைப் பிடித்தது! பிடித்ததைக் கண்டு சிலருக்குப் பிடிக்கவில்லை. 1948 பிப்ரவரியிலே சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது குடியுரிமைச் சட்டம். அதன் வாசகத்திலே 'தமிழன்' என்ற சொல் இல்லை, 'தோட்டத் தொழிலாளி' என்ற சொல் இல்லை. எவர் மீதும் பகைமை பாராட்டாத பாவனை! ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: உன் தந்தை இலங்கையிலே பிறந்தவரா? அவர் பிறக்கவில்லையானால், உன் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இலங்கையிலே பிறந்தவர்களா?

பாட்டன் பிறந்த ஊர் எது? பூட்டன் பிறந்த ஊர் எது? இந்த மண்டபத்திலே எத்தனை பேர் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை வைத்திருக்கிறீர்கள்? கையுயர்த்துங்கள், பார்ப்போம்! ஒரு கையும் எழவில்லை. எழுத்தறிவு எட்டாத லயத்துக் காம்பராவிலே, எட்டடிக்குப் பத்தடி இருட்டிலே, பிள்ளை பிறந்ததை எண்ணியவர் யார்? எழுதியவர் யார்? எழுதிய ஏட்டைச் செல்லரிக்காமல் காத்தவர் யார்?

நாடகக்காரனல்லவா, ஒரு காட்சியாகவே இதைக் காட்டுகிறேன். நடந்ததென்று சொல்லவில்லை, கற்பனைதான். மேசைக்குப் பின்னால் அதிகாரி. முன்னால், தலைப்பாகையைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு முதியவர்.

"பெயர்?"

"இராமன், துரைகளே."

"ஒரு சீட்டிலே இராமன், இன்னொன்றிலே இராமையா. எது நீ?"

"இரண்டும் நான்தான், துரைகளே. ஒன்று ஆத்தா வைத்தது, மற்றது கணக்கப்பிள்ளை எழுதியது."

"எந்த ஆண்டு முதல் இங்கே இருக்கிறாய்?"

"அந்தச் சரிவிலே நிற்கும் தேயிலைச் செடி என் தகப்பன் நட்டது, துரைகளே. அதன் வயதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்."

"செடி சாட்சி சொல்லாது. காகிதம் எங்கே?"

திரை விழுகிறது, தோழர்களே! முதியவர் பொய்யரா? அல்லர். அதிகாரி கொடியவரா? அதுவும் வேண்டியதில்லை. சட்டப்படி கேட்டார், சட்டம் கேட்டதை முதியவரால் தர முடியவில்லை. கொடுமையை நாற்காலியிலே தேடாதீர்கள். சட்டத்தின் வாசகத்திலே தேடுங்கள்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்தது. 1949ஆம் ஆண்டு ஒரு சாளரம் திறந்தார்கள். இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாது குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். இரண்டே ஆண்டுக்குள், 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமகனுக்கே வாக்கு என்றார்கள். தந்தை செல்வா தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறி, அந்த ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தாரே, அதற்கு வழிவகுத்த பெருங்காரணம் மலையகத் தமிழரின் இந்தக் குடியுரிமைப் பறிப்புத்தான்.

இனிச் சொல்லப்போவதைச் செயல்வீரர்களாகிய நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மலையக மக்களின் பேரமைப்பாக அன்று விளங்கிய இலங்கை இந்தியக் காங்கிரசு, அநீதியான சட்டத்தின்கீழ் மனுப் போடுவதா என்று சீறியது, புறக்கணிப்போம் என்றது. சீற்றம் நியாயமானது. மானமுள்ளவன் சீறத்தான் செய்வான்! ஆனால் நாட்காட்டிக்கு மானம் உண்டா? அதன் ஏடுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பிறகு மனம் மாறி மனுப் போடச் சொன்னபோது, எஞ்சியிருந்த காலம் குறைவு. இரவு பகலாக எழுதினார்கள். ஆங்கிலம் அறிந்தவரைத் தேடி அலைந்தார்கள். நாள் முடிந்தபோது சேர்ந்த மனுக்கள் 2,37,000க்கும் மேல். அவற்றில் அடங்கியவர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்! ஏறத்தாழ ஒரு சமுதாயமே மனுவாக மாறி மேசைமேல் கிடந்தது.

பலன்? ஆண்டுக்கணக்கில் விசாரணை. தேதியிலே பிழை, பெயரிலே பிழை, இடையிலே ஊருக்குப் போய்வந்தாய், தொடர்ச்சி அறுந்தது என்று தள்ளுபடி மேல் தள்ளுபடி. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1947இல் 7 பேரை அனுப்பிய மலையகம், 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப இயலவில்லை. தேர்தலிலே வென்று மீண்டும் அவைபுகத் தொண்டமான் 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புறக்கணித்திருக்காவிட்டால் எல்லோருக்கும் கிடைத்திருக்குமா? கிடைத்திராது, கொடுக்கக் கூடாது என்பதற்காகவே செய்த சட்டம் அது. ஆயினும், இரண்டு ஆண்டு முழுவதும் பக்குவமாகச் சான்றுகளைத் திரட்டி, பிழையற எழுதி, மேல்முறையீட்டுக்கு ஆவணம் சேர்த்து வைத்திருந்தால், தள்ளுபடியான இலட்சங்களிலே சில ஆயிரம் குடும்பங்கள் தப்பியிருக்குமல்லவா? சில ஆயிரம் குடும்பம் என்பது சிறு எண்ணிக்கையா, தோழர்களே? எதிர்ப்பது ஒரு கை, எழுதுவது மறு கை. ஒரு கையை மடக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்பவன் எவனாவது உண்டா?

அடுத்து வந்தது 1964. அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர். அவர்களை 1974இல் இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிளந்தார்கள். சந்தையிலே ஆட்டு மந்தையைப் பிரித்தாலும் தாயாட்டையும் குட்டியையும் ஒரே பக்கம் விடுவான் ஆயன்! இங்கே அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். மனுப் போட்ட மகனுக்குக் கடவுச்சீட்டு, மறந்துபோன தந்தைக்கு ஒன்றுமில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமிலே தங்கினார்கள். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'! இரண்டு பெயரையும் வைத்தவர்களுக்கு இவர்களின் உண்மைப் பெயர் தெரியாது.

இலங்கை அரசு தன் பக்கத்துக் கணக்கை முடிக்க 2003 ஆனது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை என்று அந்த ஆண்டு சட்டம் செய்தது. 1948இல் பறித்ததை முழுமையாகத் திருப்பித்தர 55 ஆண்டு! அதற்குள் இரண்டு தலைமுறை மண்ணுக்குள் போயிற்று.

முடிந்ததா கதை? அங்கே முடிந்தது. இங்கே முடியவில்லை!

1977இலும் 1983இலும் கலவரத் தீ மலையகத்தையும் தொட்டது. தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள், போர் அங்கேயும் துரத்தவே படகேறின. 1983 தொடங்கி, ஈழத் தமிழரோடு அலையலையாக இவர்களும் வந்தார்கள். இன்று தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்வோர் 58,000 பேரளவில். முகாமுக்கு வெளியே வாழ்வோர் மேலும் 30,000க்கு மேல். முகாமின் பெயரை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது, நல்ல பெயர். ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டம் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன? 'சட்டவிரோதக் குடியேறி'! குண்டு விழும்போது கடவுச்சீட்டுக்கு முத்திரை வாங்காமல் ஓடிவந்ததால், அந்தப் பெயர். புதுக்கோட்டையிலிருந்து போனவரின் பேரன், இராமேசுவரத்திலே கரையேறினால், சட்டவிரோதம்!

இனிச் சட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கொட்டாவி வருகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவர் முகாமில் பிறந்தவராக இருக்கலாம்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பிறப்பினால் வரும் குடியுரிமையைச் சொல்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை முதல் நாளுக்கு முன்வரை இந்திய மண்ணிலே பிறந்தவர், வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற விலக்கு நீங்கலாக, பெற்றோர் யாராயினும் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை முதல், 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவரானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதன்பின் பிறந்தவரானால், இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முகாமுப் பெண்ணைக் காதலித்து மணந்தான் நம் ஊர் இளைஞன். சாதி பாராமல், சடங்கு பாராமல், நம் மேடையிலேயே மாலை மாற்றிக்கொண்டான். 2004 அக்டோபரிலே பிறந்த மூத்த பிள்ளை இந்தியன். 2006இலே பிறந்த இளைய பிள்ளை? பிறப்பினால் இந்தியன் அல்லன்! ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே தொட்டில்!

நான் முப்பதுகளிலே இருப்பவன். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவன். நான் பிறந்த அதே ஆண்டிலே, மண்டபத்திலே ஒரு பிள்ளை பிறந்திருப்பான். நான் பிறந்ததும் குடிமகன். என் தாயோ தந்தையோ அதற்காக ஒரு தாளிலும் கையெழுத்திடவில்லை. அவன் பிறந்ததும் அயலான். அவனும் நானும் ஒரே பாடப்புத்தகத்திலே ஒரே திருக்குறளைப் படித்தோம்.

சரி, பிறப்பினால் வராவிட்டால், மனுச் செய்து பெறலாமே? 5ஆம் பிரிவு பதிவின்மூலம் தருகிறது. 6ஆம் பிரிவு நெடுநாள் குடியிருப்பின்மூலம் தருகிறது. இரண்டுக்கும் வாயிலிலே ஒரே காவலன் நிற்கிறான்: சட்டவிரோதக் குடியேறிக்கு உள்ளே இடமில்லை! அந்தக் காவலனைத் தாண்டினாலும், 5ஆம் பிரிவிலே 'இந்திய வம்சாவளி' என்பதற்கு விளக்கம் இருக்கிறது பாருங்கள், அது வேடிக்கை. மனுதாரரோ, அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவிலே அல்லது பின்னர் இந்தியாவோடு இணைந்த பகுதியிலே பிறந்திருக்க வேண்டும். பாட்டன் பிறந்திருந்தால் போதாது! இலங்கைச் சட்டம் இவர்களை வெளியே தள்ளுவதற்காகப் பூட்டன் வரை தோண்டிக்கொண்டு போனது. இந்தியச் சட்டம் இவர்களை உள்ளே சேர்க்காமலிருக்கத் தந்தையோடு நின்றுகொண்டது. அங்கே, "உன் பூட்டன் இந்தியன், நீ போ!" இங்கே, "உன் பூட்டன் இந்தியனாக இருக்கலாம், அதனாலென்ன?" இப்படி ஒரு காட்சியை நான் நாடகத்திலே எழுதினால், மிகைப்படுத்துகிறான் என்று விமர்சகர்கள் சாடுவார்கள்.

6ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்வோர், அரசியல் சட்டத்தின் 8ஆம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றை அறிந்திருக்க வேண்டுமாம். அந்த ஒரு தேர்விலாவது நம்மவர் தேறிவிடுவார்கள்!

2019இல் டில்லி ஒரு திருத்தம் செய்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்துவ மக்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர். 11 ஆண்டுக் காத்திருப்பு அவர்களுக்கு 5 ஆண்டு. 2024 மார்ச்சிலே விதிகளும் வந்தன. இசுலாமியரை விலக்கியது ஒரு கொடுமை. இலங்கையையே விலக்கியது இன்னொன்று. முகாமிலே இருப்பவர்களிற் பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்தபடி கிறித்துவர்கள். இந்து என்றாலும் இடமில்லை, கிறித்துவர் என்றாலும் இடமில்லை! மதத்துக்காகச் செய்தோம் என்றவர்கள், தமிழன் என்றதும் மதத்தையும் மறந்துபோனார்கள். 2021 செப்டம்பரிலே தமிழகச் சட்டமன்றம் அந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது உங்களுக்கு நினைவிருக்கும்.

2025 செப்டம்பரிலே மற்றொரு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9க்குள் இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்காகப் புதிய குடிவரவுச் சட்டத்தின் தண்டனை இல்லை என்று. வரவேற்போம். ஆனால் மயங்க வேண்டா! அது தண்டனையினின்று காக்கும் குடை. குடியுரிமை தரும் கூரை அன்று. அந்த ஆணையைக் காட்டி வாயிற்காவலனை விலக்க முடியுமா என்பது வழக்கறிஞர்கள் நீதிமன்றத்திலே வாதிட வேண்டிய கேள்வி. அதற்குள், "ஆணை வந்துவிட்டது, ஆளுக்கு இத்தனை கொடுங்கள், குடியுரிமை வாங்கித் தருகிறேன்" என்று கிளம்பும் தரகனை முகாம் வாயிலிலேயே மடக்க வேண்டியது உங்கள் வேலை.

நீதிமன்றம் என்றேன். மண்டபம் முகாமிலே 1986இல் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றார். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணிலே பிறந்தவர், ஆகவே பிறப்பினாலேயே குடிமகள், கடவுச்சீட்டுக் கொடு என்று 2022 ஆகஸ்டிலே தீர்ப்பு. நீதிமன்றம் அவருக்குப் புதிதாக எதையும் வழங்கவில்லை, தோழர்களே! பிறந்த நாள் முதல் அவரிடம் இருந்ததைத்தான் எடுத்துக் காட்டியது. 36 ஆண்டு, தன் மடியிலே இருந்த பொருளைத் தான் அறியாமல் இருந்தார் ஒரு தமிழ்ப் பெண்! 2024 ஏப்ரல் 19ஆம் நாள் அவர் வரிசையில் நின்று வாக்களித்தார். அந்த வெற்றிக்கு ஆதாரம் என்ன தெரியுமா? வீரவசனம் அன்று. ஒரு பிறப்புச் சான்றிதழ்!

இன்னொரு வழக்கு. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர், மலையக வம்சாவளியினர். 2019 ஜூன் 17ஆம் நாள் மதுரைக் கிளை, அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக மனுக் கொடுக்கலாம், ஆட்சியர் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லைக் கண்டு நீதிபதி கதவை மூடிவிடவில்லை. இவர்களின் பூர்வீகத்தை எடுத்துப் பேசினார். பூர்வீகத்தைப் பேசுவதற்கும் ஏதோ ஒரு தாள் வேண்டியிருக்கிறது அல்லவா? தோட்டத்துச் சீட்டு, தந்தையின் பழைய கடவுச்சீட்டு, பாட்டன் ஊரிலிருந்து வந்த கடிதம்! அவற்றை டிரங்குப் பெட்டியிலே வைத்திருக்கும் மூதாட்டிக்கு இன்று வயது எண்பது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க நாம் எந்த ஆண்டு போகப்போகிறோம்?

ஆகவே, வேலைக்கு வருகிறேன்.

முகாம் இருக்கும் ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு பதிவேடு வாங்க வேண்டும். கட்சிக்கொடி படம் போட்டதெல்லாம் வேண்டா. கடையிலே கிடைக்கும் நீளக்கணக்குப் புத்தகம் போதும். குடும்பம் குடும்பமாக எழுதுங்கள். யார், எந்த நாள், எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் பிறந்தார். தாய் யார், தந்தை யார், அவர்கள் பிறந்த ஊர் எது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் பெயருக்கு முதலில் கோடிடுங்கள். அவர்கள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியவர்கள் அல்லர். இருக்கும் குடியுரிமையை மெய்ப்பிக்க வேண்டியவர்கள். இரண்டுக்கும் பாதை வேறு. அடுத்து, 1987க்கும் 2004க்கும் இடையே பிறந்து, தாயோ தந்தையோ இந்தியரான பிள்ளைகள். 1964 ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற தந்தை ஒருவர் அந்தக் குடும்பத்திலே இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பிறப்பு பதியப்படவில்லையா? ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுப் பதியலாம். பெயரிலே 'இராமன்', 'இராமையா' குழப்பம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது திருத்த முடியாது. ஆதார் இருக்கிறதே என்பார்கள். ஆதார் குடியிருப்பவருக்குத் தருவது, குடியுரிமைக்குச் சான்று அன்று. அவசரப்பட்டுப் பொய்யான விவரம் கொடுத்து வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ எடுக்க எவரையும் விடாதீர்கள். அது குற்றம், ஒருநாள் விமான நிலையத்திலே விலங்காக வந்து சேரும்.

வழக்குக்குப் பணம்? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இனக்கலவரத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்கிறது! மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நம் வழக்கறிஞர் அணித் தோழர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு கறுப்பங்கியைக் கழற்றி வைத்துவிட்டு முகாமுக்கு வரட்டும். 1984 முதல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தத் துறையிலே, பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தருவது உட்பட, அமைதியாகப் பாடுபட்டு வருகிறது. அவர்களிடம் போய்ப் படியுங்கள். நமக்குத் தெரியும் என்று போகாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லோரும் இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலே பனங்காணியும், மன்னாரிலே வீட்டுத்தளமும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருவதில்லை. திரும்பிப் போக நினைப்பவருக்கும், இங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலே பதிய, முதலில் வேண்டுவது அதே பிறப்புச் சான்றிதழ்தான். முடிவு அவர்களுடையது, எழுத்துவேலை நம்முடையது. 1964இலே இரண்டு பிரதமர்கள் இவர்களைக் கேளாமலே பங்கு பிரித்தார்கள். கிளைச் செயலாளர் ஒருவர் அதே தவற்றைச் செய்ய வேண்டாமே!

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு, பக்கத்து முகாமிலே முதல் பதிவு. பெயர் கொடுத்திருக்கும் 20 தோழர்களும் வந்துவிட வேண்டும். கையெழுத்து அழகாக உள்ளவர்கள் எழுதட்டும். மற்றவர்கள் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரும் தாள்களைக் கிழியாமல் பிரித்துப் படமெடுத்து, எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கட்டும். மூலத்தாளை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பேனா நீங்களே கொண்டுவாருங்கள். மேசை தருவதாக முகாம் தலைவர் சொல்லியிருக்கிறார், நாற்காலி இல்லையாம். அதையும் நாமே எடுத்துக்கொண்டு போகலாம்.